போட் மெயில் காலத்துத் தனுஷ்கோடியில் சாகச ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் பக்கம் நாங்கள் சிலர் கூடி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறோம். 1930களின் தனுஷ்கோடியைக் களமாக வைத்து, பல்ப் காலக் கதைகளின் பாணியில் ஆட்டம் நடத்தத் தொடங்கியதிலிருந்து, புதிதாக உட்காருகிறவர்களும் தங்கள் ஊரை வைத்து நடத்த நினைக்கிறவர்களும் அதே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். மேலே இருப்பது சுலபமானது, கீழே போகப் போக யோசிக்க வேண்டியது.

பல்ப் காலம்னா என்ன? அதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?

பல்ப் என்ற மட்டமான காகிதத்தில் அச்சடித்து மலிவாக விற்ற கதைப் பத்திரிகைகள் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த காலம். தோராயமாக 1920, 1930கள். துப்பறிவாளர்கள், புதையல் தேடிகள், கப்பல், ரயில், தொலைந்த தீவு, இருட்டில் நடக்கும் விவகாரங்கள் எல்லாம் அந்தக் கதைகளின் சரக்கு. ரோல்பிளேயிங்கில் ஒருவர் கேம் மாஸ்டராக உட்கார்ந்து உலகத்தைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

நம்ம ஊருக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். அதே வருடங்களில்தான் தமிழிலும் துப்பறியும் நாவல்கள் சக்கைப்போடு போட்டன, அதே வருடங்களில்தான் தனுஷ்கோடியில் ரயிலும் கப்பலும் தொட்டுக்கொண்டு நின்றன. சிகாகோவிலிருந்து எதையும் இரவல் வாங்க வேண்டியதில்லை.

ஏன் தனுஷ்கோடி? மதுரை, சென்னை எல்லாம் பெரிய ஊராச்சே?

பெரிய ஊர் என்றால் பெரிய வேலை. ஆயிரம் தெரு, ஆயிரம் கேள்வி. தனுஷ்கோடி ஒரு மணல் நாக்கின் மேல் நின்ற சின்ன ஊர். ரயில் நிலையம், கப்பல் துறை, சுங்கச்சாவடி, தபால் தந்தி ஆபீஸ், தேவாலயம், கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மீனவர் குடிசைகள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன ஊர் வழியாகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் குடும்பமும் போகும், துரைமார் போவார்கள், வட்டிக்கடை வைக்கும் செட்டியார் போவார், காசியிலிருந்து வரும் யாத்திரிகர் சேது ஸ்நானத்துக்கு வருவார். ஊர் சின்னது, வந்து போகிற கூட்டம் பெரியது, எல்லோரும் அடுத்த வண்டிக்கோ அடுத்த கப்பலுக்கோ காத்திருக்கிறவர்கள். கதை நடத்துகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

எந்த வருஷத்தை எடுக்கிறது? சும்மா "1930கள்"னு சொன்னா போதாதா?

போதாது. ஒரு வருடம், முடிந்தால் ஒரு மாதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வருடம் நிச்சயமாகிவிட்டால் பாதி ஆராய்ச்சி தானாக முடிந்துவிடும், எதைத் தேட வேண்டும் எதைத் தேட வேண்டாம் என்பது தெரிந்துவிடும்.

நாங்கள் எடுத்தது 1934 டிசம்பரிலிருந்து 1935 தை அமாவாசை வரை. காரணம் சொல்கிறேன். 1934 கடைசியில் இலங்கையில் பெரும் மலேரியாக் கொள்ளைநோய் தொடங்கிவிட்டது, ஆகவே அக்கரையிலிருந்து வருகிற ஒவ்வொரு முகத்தையும் இக்கரை பயத்தோடு பார்க்கும். தினமணி அந்த செப்டம்பரில்தான் தொடங்கியிருந்தது, ரயிலில் வந்து இறங்கும் பத்திரிகைக் கட்டுக்குள் அது புதுசு. தமிழில் பேசும் படம் வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-ல்தான் பிறக்கிறது, எனவே பையில் இருக்கும் நோட்டு அரசாங்க நோட்டு. பவ வருடத் தை அமாவாசை 1935 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை. ராமேஸ்வரத்தில் கூட்டம் நெரிகிற நாள். அந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் எங்கள் கதையின் முடிவு என்று வைத்தோம், மற்றதெல்லாம் அதற்கேற்ப வந்து உட்கார்ந்தது.

போட் மெயில்னா ரயிலா, கப்பலா?

ரயில். சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை மீட்டர் கேஜில் ஓடிய தென்னிந்திய ரயில்வே வண்டி. அங்கே இறங்கி நீராவிக் கப்பல் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டர் கடல், அக்கரையில் தலைமன்னார் துறை, அங்கிருந்து கொழும்புக் கோட்டைக்கு இலங்கை ரயில். அந்தப் பாதை அகலப் பாதை. 1914-ல் பாம்பன் பாலம் திறப்பதற்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் போனது, பாலம் வந்த பிறகு தனுஷ்கோடிக்கு யோகம். ஆரம்ப காலக் கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பாம்பன் ஒரு ஜங்ஷன். ஒரு கிளை ராமேஸ்வரத்துக்கு, இன்னொரு கிளை தனுஷ்கோடிக்கு. போட் மெயில் ராமேஸ்வரம் கோயில் ஊருக்குள் போகாது. தனுஷ்கோடிக் கிளையில் ராமேஸ்வரம் ரோடு என்று ஒரு நிலையம் இருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு நேராக ரயிலில் போய்விட்டேன் என்று பாத்திரம் சொன்னால் நிறுத்துங்கள். வண்டி மாற வேண்டும், காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பில்தான் பின்தொடர்ந்து வருகிறவனின் முகம் தெரியும்.

கார் துரத்தல் ஒண்ணு வைக்கலாமா?

தீவுக்குள் வைக்க முடியாது. பாம்பனில் சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதற்கு முன் தீவுக்குள் போக ரயில் அல்லது படகு. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணல்தான் வழி: நடை, மாட்டு வண்டி, இல்லாவிட்டால் வத்தை என்னும் சின்னப் படகில் கடலோரமாக. தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டுத் திறந்தது 2017-ல்.

இதைக் குறை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதுதான் களத்தின் பெரிய பலம். வண்டி போய்விட்டால் போய்விட்டதுதான். அடுத்த வண்டி வரை அந்த மணலில் உங்களோடு உங்கள் எதிரியும் மாட்டிக்கொள்கிறான். கார் கட்டாயம் வேண்டுமென்றால் ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே வையுங்கள், அதுவும் மழைக்காலத்தில் எவ்வளவு தூரம் ஓடும் என்று யோசித்துவிட்டு வையுங்கள்.

விமானம் கேட்கிறவர்களுக்கு: டாட்டாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து சென்னை வரை 1932-ல் தொடங்கிவிட்டது. கொழும்பு பக்கம் ரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பரில். எங்கள் கதை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

பாம்பன் பாலத்து மேல சண்டை வைக்கணும், அது எப்படி வேலை செய்யும்?

வையுங்கள், வைக்காவிட்டால்தான் தப்பு. நான் சொல்வது 1914-ல் திறந்த பழைய பாலம். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். நடுவில் ஷெர்சர் தூக்குப் பகுதி, அமெரிக்க வடிவமைப்பு. கப்பல் வரும்போது இரண்டு இறக்கைகளும் இரு பக்கமும் மேலே எழும். மோட்டார் கிடையாது, ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் தூக்குவார்கள். பாத்திரம் அதன் மேல் நடந்தால் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே காலடியில் பச்சைத் தண்ணீர் ஓடுவது தெரியும், காற்று பக்கவாட்டில் தள்ளும்.

ஆட்டத்தில் இதை இப்படி நடத்தினோம். ஒரு பாத்திரம் இறக்கையின் இந்தப் பக்கம், துரத்தப்படுகிறவன் அந்தப் பக்கம். கைப்பிடிகள் சுற்றச் சுற்ற இரும்பு முனகிக்கொண்டு ஓர் அங்குலம், இன்னோர் அங்குலம் என்று தண்டவாளம் பிரிகிறது. மெதுவாகத்தான் பிரியும், அதனால் குதிக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் பகடையில் வேண்டிய எண் ஒன்று கூடும். யந்திரம் எப்படி ஓடும் என்று தெரிந்தால் விதி தானாக வரும். தூக்குகிற ஆட்களையும் மறந்துவிடாதீர்கள். அவர்கள் கையை நிறுத்தினால் காட்சியே நின்றுவிடும், யார் சொன்னால் நிறுத்துவார்கள் என்பது தனிக் கேள்வி.

காசுக் கணக்கு தலை சுத்துது. சுருக்கமா சொல்லுங்க.

ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 காலணா, அதாவது 12 தம்பிடி. 1957 வரை இந்தியாவில் இதுதான். கடல் தாண்டினால் இலங்கையில் ரூபாய்க்கு 100 சதம், அங்கே தசமக் கணக்கு எப்போதோ வந்துவிட்டது. தனுஷ்கோடியில் சில்லறை மாற்றுகிற ஆள் ஒருவரை வைத்தால் ஊர்ச் செய்தி முழுக்க அவரிடம் கிடைக்கும், மடியில் சதக்காசு வைத்திருக்கிறவன் அக்கரையிலிருந்து வந்தவன் என்று துப்பும் கிடைக்கும்.

விலைவாசியை ஊகித்துப் போடாதீர்கள். அந்த வருடத்துப் பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்து ஐந்தாறு பொருளின் விலையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

கதையில எல்லாரும் டேவர்ன்ல, அதாவது மதுக்கடை விடுதியில சந்திப்பாங்களே, இங்கே எங்கே சந்திக்கிறது?

சத்திரம். சேதுபதிகள் காலத்திலிருந்தே ராமேஸ்வரம் போகிற வழி நெடுக சத்திரமும் மடமும் உண்டு. முகுந்தராயர் சத்திரம், தங்கச்சிமடம், அக்காள்மடம் இன்றும் ஊர்ப் பெயராக இருக்கின்றன. திண்ணையில் ஒரு பண்டாரம், உள்ளே மராட்டிய யாத்திரைக் குடும்பம், கிணற்றடியில் யாரோ. இதைத் தவிர ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலை, காப்பி கிளப், கள்ளுக்கடை, சாராயக்கடை. அமெரிக்காவில் 1933 வரை மதுவிலக்கு, அதனால் அங்கத்திய கதையில் கள்ளச்சாராயம் வரும். இங்கே அப்போது உரிமம் பெற்ற கடையிலேயே விற்றது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937-ல் சேலத்தில்தான் ஆரம்பம்.

யார் எந்தக் கடையில் எங்கே உட்காரலாம் என்பதில் அப்போது கறாரான பாகுபாடு இருந்தது. ரயில்வே சிற்றுண்டிச்சாலையிலேயே பிராமணர்களுக்குத் தனியிடம். இதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

ஹீரோ கையில துப்பாக்கி இருக்கலாமா?

1878 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. எனவே துப்பாக்கி இருந்தால் அதற்கு ஒரு கதை வேண்டும்: ஜமீன் வீட்டு வேட்டைத் துப்பாக்கி, துரையின் ரிவால்வர், அல்லது சுங்கச்சாவடியில் பிடிபட்டால் கம்பி எண்ண வைக்கும் ஒன்று. எங்கள் மேஜையில் துப்பாக்கி வெளியே வந்தால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அந்த அளவுக்கு அபூர்வமாக வைத்திருக்கிறோம். அரிவாள், சுளுக்கி என்னும் ஈட்டி, துடுப்பு, கம்பு, கை. போதும்.

கடலைப் பத்தி என்ன தெரிஞ்சுக்கணும்? எங்க குரூப்ல யாரும் கடல் பக்கம் இல்ல.

காற்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தனுஷ்கோடிக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கு கொந்தளிக்கும், வடக்கு அடங்கியிருக்கும். வாடைக்காலத்தில் தலைகீழ். எங்கள் கதை மார்கழி, தையில் நடப்பதால் வடக்குப் பக்கத்தில் இரவில் வத்தை எடுக்கிறவன் உயிரைப் பணயம் வைக்கிறான். விவரம் தெரிந்தவன் தெற்குப் பக்கம் எடுப்பான்.

வள்ளம், வத்தை, கட்டுமரம், சரக்குத் தோணி என்று படகு வேறு வேறு. முதலாளி சம்மாட்டி, ஓட்டுகிறவர் தண்டல். இந்தச் சொற்களைப் போட்டாலே மேஜையில் கடல் வந்துவிடும். தண்ணீர் பற்றி ஒரு விஷயம், இது எனக்கு ரொம்பப் பிடித்தது: அந்த உப்பு மணலில் கையால் பள்ளம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் ஊற்று தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புவார்கள். கலங்காமல் மொள்ளப் பொறுமை வேண்டும். தாகத்தோடு வருகிற வெளியூர்ப் பாத்திரம் அவசரப்பட்டால் சேறுதான் கிடைக்கும், பக்கத்தில் நிற்கும் ஆச்சி சிரிக்காமல் கொட்டாங்கச்சியை வாங்கிச் செய்து காட்டுவார். அந்த ஒரு காட்சியில் ஊரோடு உறவு வந்துவிடுகிறது.

நிலத்தை எப்படி வர்ணிக்கிறது? இப்போ பார்க்கிற மாதிரியே சொல்லலாமா?

மணலும் பனையும் உடைமரமும் சொல்லலாம். இன்று மாவட்டம் முழுக்க நிற்கும் சீமைக்கருவேலங் காட்டைச் சொல்லாதீர்கள். அது இந்த அளவுக்குப் பரவியது சுதந்திரத்துக்குப் பிறகு. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும், தாராளமாகப் போடலாம்.

ராஜா உண்டா? கலெக்டர் எங்கே இருந்தார்?

ராமநாதபுரத்தில் சேதுபதி இருந்தார், ஆனால் ஜமீன்தாராக. வரி வசூல், கோயில் மரியாதை, செல்வாக்கு உண்டு. போலீசும் கோர்ட்டும் சர்க்கார் கையில். எங்கள் கதைக் காலத்தில் சண்முக ராஜேஸ்வர சேதுபதி. ராமலிங்க விலாசம் அரண்மனையில் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இன்றும் இருக்கின்றன, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து வர்ணியுங்கள்.

ராமநாதபுரம் மாவட்டம் 1910-ல் உருவானது, ஆனால் கலெக்டர் ஆபீஸ் மதுரையில் இருந்தது. எனவே "கலெக்டரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்" என்றால் ரயில் ஏறி மதுரை போக வேண்டும். தந்தி ஒன்றுதான் வேகமான வழி, தந்தி ஆபீஸ் குமாஸ்தா எல்லாவற்றையும் படிப்பார்.

இலங்கைக்குப் போக பாஸ்போர்ட் காட்டணுமா? மண்டபம் கேம்ப்னு ஒண்ணு வருதே, அது என்ன?

பாஸ்போர்ட், விசா எல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த கெடுபிடி. அந்தக் காலத்தில் தடை வேறு உருவத்தில் இருந்தது: நோய்த் தடுப்பு. தோட்ட வேலைக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்தி, துணியை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, பார்த்துத்தான் அனுப்புவார்கள். இந்திய மண்ணில் இருந்தாலும் முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். முதல் வகுப்பில் போகிற துரைக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது.

இதை வெறும் பின்னணியாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். கங்காணி முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டி வருவார். அந்தக் கடன் கண்டிச் சீமை வரை கூடவே போகும். 1900களின் தொடக்கத்தில் தகர வில்லை முறை வந்தது: எந்தத் தோட்டம் என்பதற்கான எழுத்தும் எண்ணும் பொறித்த சின்ன வட்டத் தகரம், தொழிலாளி கழுத்தில் தொங்கும். எங்கள் ஆட்டத்தில் அப்படி ஒரு வில்லையை, ஒரு கிழவி முப்பது வருடமாக முடிச்சில் வைத்திருக்கிறாள். துருவேறி எழுத்து மங்கி எண் மட்டும் தெரிகிறது. அந்த எண் எந்தத் தோட்டம், அவளுடைய அண்ணன் எங்கே என்று தேடுவதுதான் முதல் செஷன். ஆடினவர்களில் இரண்டு பேருக்குத் தங்கள் வீட்டிலேயே கண்டிக்குப் போய்த் திரும்பாத பெரியப்பா, தாத்தா உண்டு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வருடம் பார்த்து வையுங்கள். கடனைக் காட்டும் துண்டுச் சீட்டு முறை 1921-ல் ஒழிக்கப்பட்டது. 1939-ல் இந்திய அரசு கூலி வேலைக்கு இலங்கை போவதையே தடை செய்தது.

என்ன மாதிரி பாத்திரம் எடுக்கலாம்? பெண் பாத்திரம் எடுத்தா வீட்டுக்குள்ளேயே இருக்கணுமா?

சுங்க குமாஸ்தா, தண்டல், சங்கு குளிக்கிறவர், கீழக்கரை மரைக்காயர் வணிகர், யாத்திரிகர்களுக்கு வழிகாட்டும் ராமேஸ்வரத்து மராட்டியப் புரோகிதர், பத்திரிகை நிருபர், மலேரியா பார்க்க அனுப்பப்பட்ட டாக்டர். பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவில் மாகாண மீன்வளத் துறையின் கடலுயிர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. விசித்திர உயிர்களைத் தேடி வரும் விஞ்ஞானிப் பாத்திரத்துக்கு அதைவிட நல்ல முகவரி கிடையாது.

பெண் பாத்திரம் தாராளமாக. முத்துலட்சுமி ரெட்டி 1912-லேயே டாக்டர், 1927-ல் சட்டமன்றத்தில். நர்ஸ், பள்ளி ஆசிரியை, தோட்டத்திலிருந்து திரும்பும் தொழிலாளி, மீன் வியாபாரம் செய்யும் பெண், தனியாக யாத்திரை போகும் விதவை. அக்கரையில் 1931-லேயே பெண்களுக்கும் ஓட்டு. அங்கே ஓட்டுப் போட்டுவிட்டு இங்கே வந்திறங்கும் பெண் எப்படிப் பேசுவாள் என்று யோசித்துப் பாருங்கள்.

சாதியை என்ன செய்யுறது? விட்டுட்டா பொய், வச்சா மேஜையில சங்கடம்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். எது வரலாம், எது வேண்டாம் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும், யாராவது வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். ஆனால் அது இல்லாத ஓர் ஊரைக் காட்டாதீர்கள். 1939-க்கு முன் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் பெரிய கோயில்களுக்குள் போக முடியாது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. குற்றப் பரம்பரைச் சட்டம் நம் மாவட்டத்து மறவர்கள் மேல் பாய்ந்தது, கைரேகை வைக்க வேண்டும், இரவில் ஆஜராக வேண்டும்.

எங்கள் வழி இது: தடையை உலகத்தில் வைப்போம், இழிசொல்லை மேஜையில் சொல்ல மாட்டோம். "வாசலில் நிறுத்திவிட்டார்கள்" என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எடுத்தால் வில்லன் அந்தச் சட்டமாக இருக்கட்டும், அதில் மாட்டியவர்கள் அல்ல. பழைய ஆவணத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒரு சாதியைப் பற்றி எழுதியதை அப்படியே பாத்திரத்தின் குணமாக்கினால் அந்த அதிகாரியின் வேலையை நாமே தொடர்ந்து செய்கிறோம் என்று அர்த்தம்.

அமானுஷ்யம் வேணும். ராமேஸ்வரம் கோயில், ஏர்வாடி தர்கா இதையெல்லாம் பயன்படுத்தலாமா?

கோயிலுக்கு அடியில் ரகசியப் பூசை, நரபலி என்று போகாதீர்கள். அது வெளியிலிருந்து நம்மைப் பார்த்தவர்கள் கட்டிய கதை. இருபத்திரண்டு தீர்த்தமும் அந்த நீண்ட பிரகாரமும் தாமாகவே பிரமிப்பு தரும், காணாமல்போன ஆளைத் தூண்களுக்கு நடுவே தேடுவதே போதும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தையும் பக்தியோடு வருகிறவர்களின் கண்ணால் சொல்லுங்கள்.

ஏர்வாடியை எங்கள் ஆட்டத்தில் தொடுவதில்லை. மனநோய்க்கு வைத்தியம் தேடி வருகிறவர்களைப் பயமுறுத்தும் பொருளாக்குவது இந்த வகை ஆட்டங்களில் ரொம்ப நாள் பழக்கம். 2001-ல் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் இறந்தார்கள். இந்தக் கரையில் இருந்துகொண்டு அதை விளையாட்டாக எடுக்க முடியாது.

பயம் கடலிலிருந்து வரட்டும். ஆவுளியா என்னும் கடல் பசு மூச்சு விட மேலே வரும்போது இருட்டில் பார்த்தவனுக்கு என்ன தோன்றும்? குளியாளி கயிற்றோடு இறங்குகிறார், கயிறு ஆடுகிறது, மேலே இழுத்தால் கனம் இல்லை. கச்சத்தீவு இன்னொரு இடம்: குடிதண்ணீர் இல்லை, யாரும் நிரந்தரமாக இல்லை, அந்தோணியார் கோயில் மட்டும். ஜமீன் தன்னுடையது என்றது, 1921-ல் இரு அரசுகளும் எல்லையைப் பேசியும் தீரவில்லை. யாருக்குச் சொந்தம் என்று தெரியாத தீவில் ஒரு பிணம் கிடந்தால் எந்தப் போலீஸ் வரும்?

நிஜமான ஆட்களைக் கதையில வைக்கலாமா? கலாமை வைக்கலாமா?

கலாம் 1931-ல் பிறந்தவர், எங்கள் கதையில் மூன்று வயதுக் குழந்தை. அவருடைய அப்பா படகு வைத்திருந்தார் என்பது ஊரறிந்தது. எங்கள் விதி: நிஜ மனிதர்கள் தூரத்தில் தெரியலாம், பத்திரிகையில் வரலாம், பேச்சில் வரலாம். அவர்கள் வாயில் வசனம் வைப்பதில்லை, குற்றத்தை அவர்கள் மேல் போடுவதில்லை. கதைக்கு ஓர் அதிகாரியோ ஜமீன் உறவினரோ தேவைப்பட்டால் புதுப் பெயர் வையுங்கள். பேரன் பேத்திகள் இதே ஊரில் இருக்கிறார்கள்.

இப்போ போனா இடிஞ்ச சுவர்தானே இருக்கு, ஊர் எப்படி இருந்துச்சுன்னு எங்கே தேடுறது?

முதலில் வரைபடம். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நிலப்படங்கள் இணையத்தில் தேடினால் கிடைக்கின்றன, பாம்பன் பிரியும் பாதை, மணல் மேடு எல்லாம் அதில் வரும். அப்புறம் 1921, 1931 மக்கள்தொகைக் கணக்கு, ரயில்வே கால அட்டவணை. கால அட்டவணைதான் எனக்குப் பிடித்த ஆவணம். எது எத்தனை மணிக்கு வந்து போகும் என்று தெரிந்தால் கதையின் எலும்பு கையில் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் ஆவணக் காப்பகம், இலங்கைப் பக்கத்துக்கு "நூலகம்" என்ற இணையதளம். 

இடிபாடுகளுக்கும் போங்கள். தேவாலயச் சுவரில் பவளப்பாறைக் கல் தெரியும், தண்ணீர்த் தொட்டி நிற்கும், ரயில் நிலையத்தின் மிச்சம் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள், மணலில் கால் எவ்வளவு புதைகிறது என்று பாருங்கள். எந்தப் புத்தகமும் அதைச் சொல்லாது. கல்லைப் பெயர்த்து எடுத்து வராதீர்கள்.

ஒரே விஷயம் ரெண்டு இடத்துல வேற வேறயா இருக்கே, எதை நம்புறது?

யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று பாருங்கள். பல வருடம் கழித்து எழுதின பயணக் கட்டுரையைவிட அந்த வருடத்து ரயில்வே அறிக்கை நேரத்துக்கு நம்பகம். ஆனால் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்து வருவது எப்படி இருந்தது என்பதற்கு அறிக்கை உதவாது, பயணி சொன்னதுதான் உதவும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது ஒரு கவனம். தனுஷ்கோடியில் வாழ்ந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் 1950, 60களின் ஊர். 1935-ஐப் பற்றிச் சொன்னால் அது அவர்கள் அப்பா சொன்னது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கலக்காமல் தனித்தனியாக.

1964 புயலைக் கதையில வைக்கலாமா?

டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எடுத்துக்கொண்டது, அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. ஊரே போனது. அப்பாவை, அம்மாவை, பிள்ளையை இழந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அந்த இரவை நாங்கள் ஆடுவதில்லை, பேய் ரயில் கதையும் வைப்பதில்லை. கேட்கிறவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முப்பது வருடம் முன்னால் இருக்கும் பாத்திரங்களுக்கு அது தெரியாது, அவர்களுக்குத் தெரிந்த மாதிரி சாடை காட்டவும் வேண்டாம். அவர்களுக்கு இது வருங்காலம் உள்ள ஊர். புதுக் கட்டடம் எழும்புகிறது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேருகிறார்கள், துறைமுகத்தில் வேலை இருக்கிறது. அப்படியே நடத்துங்கள்.

ஆட்டத்துக்கு நடுவுல "அப்போ இது இருந்துச்சா?"ன்னு கேட்டா என்ன சொல்றது?

தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஒரு நோட்டில் கேள்வியை எழுதிவிட்டு, கதைக்கு எது வசதியோ அப்படி முடிவு செய்து தொடருங்கள். போனை எடுத்துத் தேட உட்கார்ந்தால் மேஜை ஆறிவிடும். அடுத்த செஷனுக்குள் தேடிப் பாருங்கள். கண்டுபிடித்தது முடிவுக்கு மாறாக இருந்தால், யாருடைய கேள்வியோ அவரிடமே கொடுத்து அடுத்த காட்சியில் எப்படிக் கொண்டு வரலாம் என்று கேளுங்கள். எங்களுக்குச் சில்லறை மாற்றுகிற ஆள் கிடைத்தது அப்படித்தான். இலங்கைக் காசு இங்கே செல்லுமா என்று ஒருவர் கேட்டார், அடுத்த வாரம் அவரே அந்த ஆளாக வந்து உட்கார்ந்தார்.